செம்பூரில் 430 சதுர அடி வீடு: ஈரம், வெளிச்சம், கொலுப்படி

கேட்கப்பட்டது இது: மும்பை செம்பூரில் பழைய சொசைட்டி (கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க) கட்டடத்தில் நான்காவது மாடி, கார்ப்பெட் ஏரியா, அதாவது சுவர் நீங்கலான உள்தரைப் பரப்பு, 430 சதுர அடி, ஒரு பெட்ரூம். ஹால் 10 அடிக்கு 15 அடி, உயரம் 9 அடி, கிழக்கே 5 அடி அகல ஜன்னல். ஆகஸ்டில் சாவி கைக்கு வரும். கையில் இரண்டு லட்சம். ஊரிலிருந்து வந்த தஞ்சாவூர்ப் படம் ஒன்று இருக்கிறது, வருடா வருடம் கொலு வைக்கிற வழக்கம் உண்டு. வீடு பார்க்க நவீனமாக இருக்க வேண்டும், நம் வீடு மாதிரியும் இருக்க வேண்டும். நவராத்திரிக்குள் முடியுமா?

முடியும், ஈரம் கசிகிற ஒரு சுவரைத் தவிர. அந்தச் சுவரிலிருந்தே தொடங்குகிறேன். மும்பையில் உள்ளலங்காரம் கெடுவதற்கு முதல் காரணம் ரசனைக் குறைவு அல்ல, ஈரம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊரில் 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஆகஸ்டில் சாவி வாங்குவது உங்களுக்கு நல்லதுதான், எங்கே கசிகிறது என்பதைச் சுவரே காட்டிவிடும். மே மாதம் வீடு பார்த்தவர்களுக்கு இது தெரியாது. புதுப் பெயின்ட் எல்லாவற்றையும் மூடியிருக்கும்.

கறை படிந்த இடத்தில் ஒரு சோதனை செய்யுங்கள். சமையலறை அலுமினியத் தாளை ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டிச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். 48 மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். முதலாவதற்குக் கொத்து வேலை வேண்டும். இரண்டாவதற்கு ஜன்னலைத் திறப்பதும், எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவதும், ஹாலுக்குள் துணி காயப்போடாமல் இருப்பதுமே பெரும்பாலும் போதும்.

உள்ளிருந்து வருகிற ஈரமென்றால், வீட்டுக்குள் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். நீர் நுழைகிற வாய் வெளியே இருக்கிறது. இங்கே அடைத்தால் இரண்டு அடி தள்ளிக் கொப்புளமாகக் கிளம்பும். மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மாதிரி துணை விதிகளின்படி, வெளிச்சுவர்க் கசிவைச் சரிசெய்வது சொசைட்டியின் பொறுப்பு. மழை பெய்துகொண்டிருக்கும்போதே தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து, எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். ஜன்னல் சட்டத்தின் மூலைகளையும் பாருங்கள். அங்கே பழைய சீலன்ட் வெடித்திருந்தால் முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, காய்ந்த நாளில் வெளிப்பக்கமாகப் புதிதாகப் போட வேண்டும். பழையதன் மேலேயே போட்டால் அடுத்த மழைக்குள் பட்டையாக உரியும்.

வெளியே சரியான பிறகுதான் உள்வேலை. கறை தெரிகிற எல்லையைத் தாண்டி ஒரு அடி வரைக்கும் பழைய பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுக்க வேண்டும். உப்புப் பூத்த வெள்ளைத் தூளைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். 1:4 சிமென்ட் மணல் கலவையில், 50 கிலோ மூட்டைக்கு 200 மில்லி வாட்டர்ப்ரூஃப் திரவம் சேர்த்துப் பூசி, ஏழு நாள் நனைத்து, பிறகு மூன்று நான்கு வாரம் சும்மா விடுங்கள். அந்தச் சுவருக்கு பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) கூடாது, வெள்ளை சிமென்ட் பட்டிதான். பிஓபி ஜிப்சம், ஈரம் பட்டால் மாவாகும். இந்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் அந்த ஒரு சுவர் நவம்பருக்கு முன் பெயின்ட்டுக்குத் தயாராகாது. அவசரப்பட்டு அதன்மேல் வால்பேப்பரோ மரப் பேனலோ போட்டால், பின்னால் பூஞ்சை வளர்ந்துகொண்டிருப்பது ஒரு வருடம் கழித்து வாசனையில்தான் தெரியும்.

மற்ற மூன்று சுவர்களுக்கு, மழை விட்டு நான்கைந்து நாள் வெயில் அடித்தால் செப்டம்பர் கடைசியில் வேலை தொடங்கலாம். ஹால் சுவர்ப் பரப்பு கதவு ஜன்னல் போக ஏறக்குறைய 360 சதுர அடி. நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்கு 120 முதல் 140 சதுர அடி வரை வரும். மூன்று லிட்டர் போதும். ஈரச் சுவருக்கும் சேர்த்து ஒரே டப்பாவாக வாங்கி வையுங்கள். பிறகு வாங்குகிற டப்பாவில் நிறம் நூலிழை மாறியிருக்கும்.

நிறத்தைக் கடைக் கார்டில் முடிவு செய்ய வேண்டாம். இரண்டடிச் சதுர அட்டையில் இரண்டு கோட் அடித்து, காலை எட்டு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு விளக்கிலும் ஒவ்வொரு சுவரிலும் சாய்த்துப் பாருங்கள். கிழக்கு ஜன்னல் ஹாலுக்குக் காலையில் பொன்வெளிச்சம் வரும், மதியத்துக்கு மேல் நீலம் கலந்து மங்கும். சாம்பல் நிறங்கள் அந்த நேரத்தில் சோர்ந்து தெரியும். பொரிமாவு நிறம், பனங்கற்கண்டுச் சாயல் உள்ள வெள்ளை போன்றவை இரண்டு நேரத்துக்கும் தாங்கும். ஒரு சுவர் மட்டும் அடர்த்தியாக வேண்டுமென்றால் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னல் இருக்கிற சுவரிலேயே அடர் நிறம் அடித்தால் பளீரென்ற வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருட்டு வந்து கண் கூசும். பளபளப்பு ஃபினிஷ் பழைய சுவரின் மேடுபள்ளத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கும். ஹாலுக்கு மேட், அல்லது மிக லேசான ஷீன் போதும்.

இனி இடம். 10 அடி அகலம் என்பது 120 அங்குலம். சோபாவின் ஆழம் 36, டிவி யூனிட் 14. மீதி 70. சோபாவுக்கும் டீப்பாய்க்கும் இடையில் 18, டீப்பாய் 18, நடைபாதை 34. இவ்வளவுதான் இந்த ஹால். 42 அங்குல ஆழச் சோபா வாங்கினால் நடைபாதை 28 ஆகிவிடும், இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். வாங்கும் முன் பழைய செய்தித்தாளைச் சோபா அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்து இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். லிப்ட் கதவு, மாடிப்படித் திருப்பம் இரண்டையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் ஏழடிச் சோபா நான்காவது மாடிக்கு ஏறாமல் வாசலில் நிற்பது அடிக்கடி நடப்பது. இரண்டு துண்டாகப் பிரிகிற சோபா பாதுகாப்பு.

ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 9 அடி உயரத்தில் ஐந்தாறு அங்குலத்தை அதற்குக் கொடுத்தால் ஃபேன் தலைக்கு அருகில் வரும், அறை அமுங்கித் தெரியும், மேல்வீட்டுக் குளியலறைக் கசிவு மறைந்தே வளரும். அந்தப் பணத்தை விளக்கில் போடுங்கள்.

விளக்கு விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 150 சதுர அடி என்பது 14 சதுர மீட்டர். பொது வெளிச்சத்துக்கு 150 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 150 லூமென் (வெளிச்ச அளவு), வைத்துக்கொண்டால் 2100 லூமென். எல்இடி வாட்டுக்கு 90 லூமென் தரும், சுவரும் கவரும் விழுங்குவதையும் சேர்த்தால் மொத்தம் 30 வாட் போதும். நடு உச்சியில் 40 வாட் வெள்ளைப் பேனலைப் போட்டு முடிப்பதுதான் பொதுவான தவறு. வெளிச்சம் நிறைய இருக்கும், ஆனால் எல்லார் முகத்திலும் கண்ணுக்குக் கீழே நிழல் விழும், அறை டாக்டர் கிளினிக் மாதிரி ஆகும். அதே 30 வாட்டை இரண்டாகப் பிரியுங்கள். ஏற்கெனவே இருக்கிற சீலிங் பாயின்டிலிருந்து 2 மீட்டர் ட்ராக் (விளக்குகளை நகர்த்தித் திருப்பக்கூடிய தண்டு) ஒன்று, அதில் 7 வாட் தலைகள் மூன்று. சோபா மூலையில் துணிக் கூண்டு போட்ட நிற்கும் விளக்கு, 9 வாட் பல்ப். இதற்கு மேல், அலங்காரத்துக்கு டிவிக்குப் பின்னால் ஒரு எல்இடி ஸ்ட்ரிப். எல்லாம் 3000 கெல்வின், அதாவது இளமஞ்சள் வெளிச்சம், சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறன்) 90க்குக் குறையாமல். ஒன்று 3000, ஒன்று நீலம் கலந்த வெள்ளையான 6500 என்று கலந்தால் எந்தப் பெயின்ட்டும் அழகாகத் தெரியாது. சமையலறை மேடைக்கு மட்டும் 4000 வைத்துக்கொள்ளலாம்.

ஸ்ட்ரிப்பை அலுமினியச் சானலில் மூடி போட்டுத்தான் ஒட்ட வேண்டும். நேரடியாகச் சுவரில் ஒட்டினால் சூடு வெளியேறாமல் சீக்கிரம் மங்கும், புள்ளி புள்ளியாகவும் தெரியும். மீட்டருக்கு 10 வாட் ஸ்ட்ரிப் 4 மீட்டர் என்றால் 40 வாட், அதற்கு மின்சாரம் மாற்றித் தரும் டிரைவர் 60 வாட் வாங்குங்கள். முழுச் சுமையில் ஓடுகிற டிரைவர் முதல் மழைக்காலத்திலேயே போய்விடும். 12 வோல்ட் ஸ்ட்ரிப் 5 மீட்டரைத் தாண்டினால் கடைசி முனை மங்கும். கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கம் லோஹார் சாலில் இவை எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். கடையிலேயே எரியவிட்டு, உங்கள் உள்ளங்கையைக் கீழே நீட்டிப் பாருங்கள். தோல் பச்சையாகவோ வெளிறியோ தெரிந்தால் அந்த விளக்கு வேண்டாம்.

தஞ்சாவூர்ப் படம் உங்கள் ஹாலின் மையம். ஈரச் சுவரிலும், காலை வெயில் நேராக விழும் இடத்திலும் அது கூடாது. பலகையின் மேல் துணி ஒட்டி, சுண்ணத்தூளும் பசையும் குழைத்து மேடு எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டியது அது. ஈரம் ஏறி இறங்கினால் பலகை ஒரு விதமாகவும் மேடு வேறு விதமாகவும் அசையும், ரேக்கு முடியிழை போல வெடிக்கும். உட்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் பின்பக்க நான்கு மூலைகளிலும் கார்க் துண்டு ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 60 அங்குலம்.

அதற்கு விளக்குப் போடுவது ஒரு கணக்கு. நேர் எதிரிலிருந்து அடித்தால் கண்ணாடியில் பல்ப் தெரியும், தங்கம் தட்டையாகிவிடும். தலைக்கு மேலே சுவரை ஒட்டிப் போட்டால் மேல் சட்டத்தின் நிழல் சாமி முகத்தில் விழும். 30 டிகிரி சாய்வு சரியாக வரும். 9 அடி உயரத்துக்கும் 5 அடி நடுப்புள்ளிக்கும் இடையில் 48 அங்குலம், அதற்கு 30 டிகிரி என்றால் சுவரிலிருந்து 28 அங்குலம் தள்ளி விளக்கு. ட்ராக்கின் ஒரு தலையை அங்கே நிறுத்தி, 24 டிகிரிக் கற்றை உள்ளதாகப் போடுங்கள். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு அதை மட்டும் எரியவிட்டால், ரேக்கின் ஒவ்வொரு முத்து மேட்டுக்கும் கீழே குட்டி நிழல் விழுவது தெரியும். நெற்றிச்சுட்டியும் மாலையும் பலகையை விட்டு எழுந்து நிற்கும். அந்தச் சுவரில் வேறு எதையும் மாட்டாதீர்கள்.

கொலுப்படிக்கு என் யோசனை இது: வருடம் முழுவதும் பரணில் இடம் அடைத்துக்கொண்டிருக்கிற மடக்குப் படிக்குப் பதிலாக, ஹாலின் மரச்சாமான்களே படியாக மாறட்டும். மூன்று சாமான், மூன்று படி, உயரம் 9, 18, 27 அங்குலம். 27 அங்குலத்தது புத்தக அலமாரி. 18 அங்குலத்தது முன்பக்கம் திறந்த பெஞ்ச், இரண்டு பேர் உட்காரலாம். 9 அங்குலத்தது அடியில் சக்கரம் வைத்த பெட்டி, பெஞ்சுக்குக் கீழே நுழைந்துகொள்ளும், உள்ளே பொம்மைகளே இருக்கும். முதல் இரண்டும் 48 அங்குல அகலம். பெட்டி மட்டும் 46, ஏனென்றால் பெஞ்சின் இரண்டு பக்கப் பலகை போக உள்ளே 46½ தான் இருக்கும். பெட்டியின் 9 அங்குலம் சக்கரத்தையும் சேர்த்த உயரம்.

ஆழத்தை 12 என்று சொல்லாமல் 11¾ என்று தச்சரிடம் சொல்லுங்கள். எட்டுக்கு நாலு பிளைவுட்டில் 12 அங்குலப் பட்டை நாலு வராது, ஒவ்வொரு அறுப்புக்கும் பிளேடு 3 மில்லிமீட்டர் தின்னும். 11¾ என்றால் நாலும் சுத்தமாக வரும். மொத்தத்துக்கு 18 மில்லிமீட்டர் ஷீட் இரண்டு, அலமாரியின் முதுகுக்கு மெல்லிய ஷீட் கொஞ்சம். மிஞ்சுகிற முக்கால் ஷீட்டில் செருப்பு அலமாரி ஆகும். இந்த ஊருக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் ஒட்டு விடாத தரம் அது. எம்டிஎஃப் (மரநார் அழுத்திய பலகை) ஈரம் குடித்து உப்பும், திரும்பச் சுருங்காது.

மண் பொம்மை கனம். 48 அங்குலம் தாங்கல் இல்லாமல் போகிற பெஞ்ச் பலகை இரண்டு வருடத்தில் நடுவில் தொய்யும். அதன் முன்விளிம்பில் 1½ அங்குலத் தேக்குச் சட்டம் ஒன்றும், பின்னால் 12 அங்குல உயரப் பலகை ஒன்றும் பிடிக்கச் சொல்லுங்கள். அலமாரிக்கு நடுவில் ஒரு செங்குத்துப் பலகை வேண்டும். மைக்கா வெளியே 1 மில்லிமீட்டர் ஒட்டினால் உட்பக்கமும் ஏதாவது லைனர் ஒட்டியே ஆக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய பலகை மழைக்காலத்தில் வில்லாக வளையும். வெட்டிய விளிம்புகளில் 2 மில்லிமீட்டர் பிவிசி பட்டை ஒட்டச் சொல்லுங்கள், ஈரம் ஏறுவது விளிம்பு வழியாகத்தான். கீல், ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிக்காத எஃகு, எஸ்எஸ் 304. கடல்காற்றில் சாதா இரும்பு இரண்டே வருடத்தில் பழுப்பு ஒழுகவிடும்.

பூஜை மூலைக்குக் கதவு போட விரும்பினால், சாமான் கடைகளில் கிடைக்கிற அதே பூ ஜாலியை விட ஒரு சிக்குக் கோலம் எவ்வளவோ மேல். உங்கள் வீட்டில் கோலம் போடுகிறவரையே வரையச் சொல்லுங்கள். 9 புள்ளி 9 வரிசை, புள்ளிக்குப் புள்ளி 2½ அங்குலம் என்றால் கோலம் 22½ அங்குலச் சதுரத்துக்குள் அடங்கும். 12 மில்லிமீட்டர் எச்டிஎச்எம்ஆர் (ஈரம் தாங்கும் அடர்த்தியான மரநார்) பலகையில் சிஎன்சி வெட்டு, அதாவது கணினி வழி நடத்தும் இயந்திர வெட்டு. இங்கே வழக்கமாக நடக்கிற தவறு, கோட்டையே வெட்டிவிடுவது. சிக்குக் கோலத்தின் கோடு முறியாமல் சுற்றி வருவது, அதை வெட்டினால் உள்ளே இருக்கிற துண்டுகள் எல்லாம் கீழே விழும். கோடு மரமாக நிற்க வேண்டும், இடைவெளி வெட்டுப்பட வேண்டும். கோட்டின் தடிமன் 12 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, வெளிச்சுற்று வளைவுகள் சட்டத்தைத் தொட்டு ஒட்டியிருக்க வேண்டும். புள்ளிகள் எதையும் தொடாததால் அவை மரத்தில் நிற்காது. பின்னால் தெளிவான அக்ரிலிக் தாள் வைத்து, அதில் பித்தளைக் குமிழ்களைப் புள்ளியாகப் பதிக்கலாம். உள்ளே மின்விளக்கு எரிந்தால் கோலத்தின் நிழல் தரையில் விழும். ஆனால் எண்ணெய் விளக்கு எரிகிறபோது கதவு திறந்தே இருக்கட்டும். சுடருக்கு மேலே 18 அங்குலமாவது வெற்றிடம் விட்டு, உள்பக்கம் டைல் ஒட்டுங்கள். பிளைவுட் கரி பிடித்தால் போகாது.

திரைச்சீலைக்குச் சுருக்கமாக: ராடு ஜன்னலுக்கு 8 அங்குலம் மேலே, இரு பக்கமும் 9 அங்குலம் நீட்டி. ராடு 78 அங்குலம், துணி அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். 48 அங்குல அகலத் துணியில் நாலு பட்டை எடுங்கள். நீளம் தரைக்கு அரை அங்குலம் மேலே நிற்க வேண்டும். ஜன்னல் விளிம்போடு நிற்கிற குட்டைத் திரை அறையைக் குள்ளமாக்கும். மங்கள்தாஸ் மார்க்கெட்டில் மீட்டர் கணக்கில் எடுத்து, ஒரு முறை நனைத்துக் காயவைத்த பிறகு தைக்கக் கொடுங்கள். பருத்தி சுருங்கும்.

தரைக்கு 4 அடிக்கு 6 அடிப் பவானி ஜமக்காளம் நல்ல தேர்வு, இரண்டு பக்கமும் விரிக்கலாம், வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் வலை. பத்தமடைப் பாய் அழகுதான், ஆனால் கோரை மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். வெயில் காட்டிவிட்டு, ஜூன் முதல் செப்டம்பர் வரை சுருட்டி உள்ளே வைத்துவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். முக்கால் அங்குலக் கனம், அடியில் கலவை, கதவுகளைக் கீழே சீவ வேண்டிவரும், நான்காவது மாடித் தளத்துக்கு எடையும் கூடும். ஹால் முழுக்க வேண்டாம், பூஜை மூலையின் மூன்றடித் தரைக்கு மட்டும் போடுங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவினால் அதன் நிறம் அன்றோடு போச்சு.

இரண்டு லட்சத்தைப் பிரிக்கச் சொன்னால், ஈரமும் பெயின்ட்டும் 60 ஆயிரம், தச்சு வேலை 70, விளக்கு 25, துணி 20, மீதி 25 ஆயிரத்தை நவம்பர் வரை தொடாமல் வையுங்கள். ஆகஸ்டில் கசிவுப் புகார், அளவெடுப்பு. செப்டம்பர் முதல் பாதியில் தச்சு வேலை, எலக்ட்ரிகல். கடைசியில் மூன்று சுவர்களுக்குப் பெயின்ட். அந்த வருடம் நவராத்திரி சீக்கிரம் வந்து மழையும் விடாவிட்டால் பெயின்ட்டைத் தள்ளுங்கள், விளக்கும் படியும் இருந்தால் கொலு களைகட்டும். படியை மட்டும் ஈரச் சுவருக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். இடம் போதாமல் அந்தச் சுவர்தான் என்றானால், பின்னால் மூன்று அங்குலம் இடைவெளி விட்டு, பட்டுத்துணி சுவரில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.